வெள்ளை மணலும் வேலூர்த் தண்ணீரும்: கடல்மீன் தொட்டியின் மணல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் கடல்மீன் வளர்ப்பவர்கள் குறைவு. கடல் இங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மீனும் உப்பும் மணலும் சென்னை கொளத்தூரில் வாங்கி, ரயிலேறி, காட்பாடியில் இறக்கிக் கொண்டுவர வேண்டியவை. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 12 ஆண்டுகளாக ஒரு மூன்றடித் தொட்டி இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களும், புதிதாகத் தொட்டி வைத்துவிட்டுத் தொலைபேசியில் அழைக்கிறவர்களும் கடைசியில் மணலிடம்தான் வந்து நிற்கிறார்கள். "வாங்கும்போது பால் போல இருந்தது, இப்போது பழுப்பேறிவிட்டது, என்ன செய்வது?" பல முறை பல பேருக்குச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மணல் எவ்வளவு வெள்ளையாக இருந்தால் போதும்?

பையில் பார்த்த வெள்ளை திரும்ப வராது, வரவும் கூடாது. தொட்டிக்குள் போன சில வாரங்களில் ஒவ்வொரு மணல் துகளின் மேலும் பாக்டீரியாக்கள் குடியேறிவிடுகின்றன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற வேலையில் பெரும்பங்கு அவற்றுடையது. அப்படி ஆள் குடியேறிய மணல் மங்கிய தந்த நிறத்தில் இருக்கும். கண்ணாடி ஓரமாகக் குனிந்து பார்த்தால் பச்சைக் கோடுகள், ஊதாத் திட்டுகள், புழு துளைத்துப் போன நூல் போன்ற வழிகள் எல்லாம் தெரியும். இதைக் கண்டு பதறி மணலையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். பதற வேண்டாம், மணல் உயிரோடு இருக்கிறது என்று மகிழ்ச்சி அடையுங்கள்.

மேல்பரப்பில் பஞ்சு போல அழுக்கு படியாமல் இருக்க வேண்டும். விரலால் தொட்டால் துகள்கள் தனித்தனியாக உதிர வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தால் கடற்கரை வாடை வர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் உங்கள் மணல் சுத்தமாக இருக்கிறது. அழுகிய முட்டை வாடை வந்தால், கீழே கறுப்பு மணல் பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

அழுக்கு எங்கிருந்துதான் வருகிறது?

பெரும்பகுதி நம் கையிலிருந்து. மீன் தின்னாமல் விட்ட தீவனம், தின்று கழித்தது, பாறையிலிருந்து உதிரும் பாசி, செத்துப்போன சிற்றுயிர்கள் என்று எல்லாம் மெல்ல இறங்கி மணலில் தங்குகின்றன. நீர் வேகமாக ஓடும் இடத்தில் அவை தங்குவதில்லை, வடிகட்டிக்குப் போய்விடுகின்றன. ஓட்டம் குறைகிற இடத்தில்தான் இறங்குகின்றன.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்கக் கோட்டை அகழியே போதும். நீர் தேங்கி நிற்கும் இடத்தில் மேலே விழுந்த இலை முதல் எல்லாமும் அடியில் சேறாகிவிடுகிறது. தொட்டியிலும் பாறைக்குப் பின்புறம், கண்ணாடி மூலைகள், உயரமான கல்லின் நிழல் ஆகிய இடங்களில் ஆளுக்கொரு சின்ன அகழி உருவாகிறது. உங்கள் தொட்டியில் அந்த அகழிகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பாலாற்று மணலைப் போடலாமா? எம்-சாண்ட்? மெரினாவிலிருந்து ஒரு பை அள்ளி வந்தால்?

மூன்றும் வேண்டாம்.

பாலாற்று மணல் கருங்கல் பாறை தேய்ந்து வந்தது. அதில் பெரும்பாலும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும்தான் இருக்கின்றன. நன்னீர்த் தொட்டிக்கு அது நல்ல மணல். கடல்நீருக்கு நாம் தேடுவது சுண்ணாம்புச் சத்துள்ள மணல். பாலாற்றின் கரையோரம் தோல் பதனிடும் கழிவு பல பத்தாண்டுகள் கலந்திருக்கிறது என்பதையும் மறக்க முடியாது. ஆறும் ஏற்கெனவே மணலை இழந்து கிடக்கிறது. நாமும் போய் அள்ள வேண்டாம் என்பது என் சொந்த வேண்டுகோள்.

எம்-சாண்ட் என்பது உடைத்த கருங்கல். அதன் விளிம்புகள் கூர்மையானவை. மணலை வாயால் சலிக்கும் மீனின் செவுளையும், ஊர்ந்து போகும் நத்தையின் அடிவயிற்றையும் அது கிழித்துவிடும்.

மெரினா மணல் கடல் மணல்தானே என்று பலரும் கேட்கிறார்கள். நம் கடற்கரை மணலிலும் குவார்ட்ஸ்தான் அதிகம். கறுப்பாகவும் சிவப்பாகவும் கலந்து தெரிவது இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்கள். நகரத்துக் கழிவும் எண்ணெயும் அதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் எந்த மணல், எவ்வளவு?

அராகோனைட் மணல். கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம் அது. பவளத்தின் எலும்பும் பல சிப்பிகளின் ஓடும் இதே பொருள்தான். நீர் அமிலப்பக்கம் சாயும்போது அது துளித்துளியாகக் கரைந்து காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்க உதவுகிறது.

துகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் இருந்தால் புதியவர்களுக்கு வசதி. ரவை போன்ற நைசான மணல் அழகாக இருக்கும், ஆனால் சிறு ஓட்டத்துக்கே பறந்து பாறை மேல் உட்காரும். 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் இடுக்குகளில் தீவனம் இறங்கி, எந்த உயிருக்கும் எட்டாமல் அழுகும்.

ஆழம் 3 சென்டிமீட்டர் போதும். 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டிக்கு அது ஏறத்தாழ 12 லிட்டர் மணல், அதாவது 18 கிலோ அளவுக்கு வரும். 10 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போட்டு, அடியில் ஆக்ஸிஜன் இல்லாத அடுக்கை உருவாக்கி, அங்குள்ள பாக்டீரியாக்களால் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றுகிற முறையும் உண்டு. அது உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அதைத் தொடக்கூடாது, கலைக்கக்கூடாது; அடிக்கடி கையை விடாமல் இருக்கிற பொறுமை வேண்டும். 3 சென்டிமீட்டருக்கும் 10 சென்டிமீட்டருக்கும் நடுவே நிறுத்துவதுதான் பெரும் தொல்லை. சுத்தம் செய்ய வசதியான மெல்லிய படுகையும் கிடைக்காது, நைட்ரேட்டைக் குறைக்கும் ஆழமும் கிடைக்காது.

போடும் முன்பு எப்படிக் கழுவுவது?

அரிசி களைவது போலத்தான். ஒரு பிளாஸ்டிக் வாளியில் கால்பாகம் மணல், மேலே தண்ணீர், கையால் சுழற்றி, கழுநீர் போல வெளுத்து வரும் நீரைக் கொட்டுங்கள். எட்டுப் பத்து முறைக்குப் பிறகு நீர் தெளியும். கடைசி இரண்டு முறை ஆர்.ஓ நீரில் அலசுங்கள். ஈரத்துடன் அடைத்து, உயிர் மணல் என்று விற்கிற பைகளை மட்டும் கழுவக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவைச் சாக்கடையில் விட்டதாகிவிடும்.

எவ்வளவு கழுவினாலும் முதல் இரண்டு நாள் தொட்டி கலங்கலாகத்தான் இருக்கும். தானாகத் தெளியும்.

இரண்டே வாரத்தில் மணல் முழுக்கப் பழுப்புத் தூள் படர்ந்துவிட்டது. கெட்டுவிட்டதா?

இல்லை. இது டயாட்டம் என்னும் நுண்பாசி. புதிய தொட்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே இதைக் கடந்துதான் வருகின்றன. தன் உடற்கூட்டைச் சிலிக்காவால் கட்டிக்கொள்கிற உயிர் அது. நீரில் சிலிக்கேட் இருக்கும் வரை வளரும், தீர்ந்தால் ஓயும். சாதாரணமாக ஒன்றிரண்டு மாதத்தில் போய்விடும். அதுவரை மணலின் மேல்தோலை மட்டும் மெல்ல உறிஞ்சி எடுங்கள், விளக்கை 8 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள்.

நம் ஊரில் பலருக்கு இது ஆறு மாதமாகியும் ஓய்வதில்லை. காரணம் தண்ணீர். கருங்கல் பாறைக்குள்ளிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் சிலிக்கேட் கரைந்திருக்கிறது. ஆர்.ஓ சவ்வு அதில் பெரும்பகுதியைத் தடுத்தாலும் கொஞ்சம் கசிகிறது. மீதியைப் பிடிக்க ஆர்.ஓவுக்குப் பிறகு டி.ஐ ரெசின் (கரைந்த அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) வேண்டும். அந்த ரெசின் களைத்துப்போகும்போது முதலில் நழுவுகிறவற்றில் சிலிக்கேட்டும் ஒன்று. நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ் மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது. மீட்டரில் பூஜ்யம், மணலில் பழுப்பு என்றால் ரெசினை மாற்றிப் பாருங்கள். குடியாத்தத்திலிருந்து ஓர் அண்ணன் இதே புலம்பலோடு அழைத்தார். மீன், விளக்கு, தீவனம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருந்தார். ரெசின் மாற்றிய மூன்றாவது வாரத்தில் மணல் தெளிந்தது.

எந்தத் தண்ணீர்? கேன் தண்ணீர் ஊற்றலாமா?

காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற தெருவானாலும், ஆழ்துளைக் கிணற்று நீரானாலும், நேராகத் தொட்டிக்குள் விடாதீர்கள். முதலாவதில் குளோரின் இருக்கும், இரண்டாவதில் உப்பும் கடினத்தன்மையும் நைட்ரேட்டும் இருக்கலாம். ஆர்.ஓவும் டி.ஐயும் சேர்ந்த நீர்தான் நிம்மதி. வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ கருவிகள் பலவற்றில், சுவைக்காகச் சுத்திகரிக்காத நீரைச் சிறிது கலக்கிற திருகு ஒன்று இருக்கும். தொட்டிக்குப் பிடிக்கும்போது அதை முழுவதும் மூடிவிடுங்கள்.

20 லிட்டர் கேன் அவசரத்துக்குப் பரவாயில்லை. ஒவ்வொரு கேனையும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான். ஒரே கடையில் வாங்கிய இரண்டு கேன்கள் வேறு வேறு எண்ணைக் காட்டும்.

இன்னொன்று. நம் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்கச் செப்புக் குடமும் பித்தளை அண்டாவும் உண்டு. தொட்டி நீர் அவற்றைத் தொடவே கூடாது. மிகச் சிறிய அளவு செம்பே நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும்.

மணலை எப்படி உறிஞ்சிச் சுத்தம் செய்வது?

இதுதான் முக்கியமான கேள்வி, எனவே பொறுமையாகச் சொல்கிறேன்.

உங்களுக்கு வேண்டியவை: வாய் அகன்ற பிளாஸ்டிக் குழாய் பொருத்திய ஒரு சைஃபன் டியூப், இரண்டு வாளி, ஒரு பழைய வேட்டித் துணி. முதலில் மாற்றுவதற்கான உப்புநீரைத் தயார் செய்யுங்கள். 20 லிட்டர் ஆர்.ஓ நீருக்கு ஏறத்தாழ 700 முதல் 750 கிராம் கடல் உப்புக் கலவை, ஒரு சிறிய பம்ப், ஓர் இரவு. மறுநாள் உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வருகிறதா என்று பாருங்கள். சமையல் உப்பு, மளிகைக் கடைக் கல்லுப்பு இரண்டும் இதற்கு ஆகாது. உப்பளத்தில் உப்புப் படிகமாகும்போது மக்னீசியம் கடைசிக் கசப்பு நீரோடு போய்விடுகிறது, கால்சியம் அதற்கு முன்பே ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. நமக்குக் கிடைப்பது சோற்றுக்கு நல்லது, மீனுக்குப் போதாது.

இப்போது தொட்டியின் அடியை மனத்தில் ஆறு பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஒரு பட்டை மட்டும். அகன்ற குழாயை மணலுக்குள் 2 சென்டிமீட்டர் இறக்குங்கள். மணல் குழாய்க்குள் எழுந்து சுழலும், அழுக்கு அதைவிட இலேசாக இருப்பதால் மேலே போகும். மணலும் மேலே ஏறுவது போலத் தெரிந்தால் டியூபை விரலால் நசுக்குங்கள். மணல் இறங்கிவிடும், பிறகு விடுங்கள். இந்த நசுக்கலும் விடுதலும் கைப்பழக்கம். இரண்டு வாரத்தில் வந்துவிடும். ஒரே இடத்தை நீர் தெளியும் வரை செய்து, அடுத்த இடத்துக்கு நகருங்கள். 15 முதல் 20 லிட்டர் வெளியேறியதும் நிறுத்திவிடுங்கள், பட்டை முடியாவிட்டாலும்கூட.

வாளியில் விழுந்த நீரை வேட்டித் துணியில் வடிகட்டிப் பாருங்கள். தப்பி வந்த நத்தைக் குஞ்சும் புழுவும் இருக்கும். அவற்றைத் திரும்ப விடுங்கள். மணலும் வந்திருந்தால் உப்புநீரில் அலசித் திரும்பப் போடலாம்.

ஆறு வாரத்தில் முழுத் தொட்டியும் ஒரு சுற்று வந்துவிடும். ஏன் ஒரே நாளில் செய்யக் கூடாது என்றால், மணலில் வாழும் பாக்டீரியாவுக்கும் சிற்றுயிர்களுக்கும் பக்கத்துப் பட்டையிலிருந்து திரும்பக் குடியேற நேரம் வேண்டும். பாறைக்கு நேர் அடியில் மட்டும் குழாயை விடாதீர்கள். மணல் சரிந்து பாறை உருண்டால் கண்ணாடி போய்விடும்.

மணலுக்கு அடியில் கறுப்பாக ஓர் அடுக்கு, கிளறினால் அழுகிய முட்டை வாடை. என்ன அது?

கடல்நீரில் சல்ஃபேட் நிறைய இருக்கிறது, லிட்டருக்கு 2,700 மில்லிகிராம் அளவுக்கு. ஆக்ஸிஜன் அறவே இல்லாத அடுக்கில் அழுகுவதற்கு அழுக்கும் நிறையச் சேர்ந்துவிட்டால், ஒரு வகைப் பாக்டீரியாக்கள் அந்தச் சல்ஃபேட்டை மூச்சாகப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகின்றன. வாடை அதனுடையது. கறுப்பு நிறம் அது இரும்புடன் சேர்ந்து உண்டாகும் இரும்பு சல்ஃபைடு. மணலுக்குள் அமைதியாக இருக்கும் வரை மேலேயுள்ள ஆக்ஸிஜன் அதைத் தடுத்து நிறுத்தும். கிளறினால் நீரில் கலக்கும், மீனுக்குக் கொடிய நஞ்சு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொட்டி வைத்த மூன்றாம் ஆண்டு, என் மணல் 8 சென்டிமீட்டர் ஆழம் இருந்தது. மூலையில் கறுப்பு தெரிந்தது. மீன் வாங்கிய இடத்தில் ஒருவர், "கையை விட்டு முழுவதும் நன்றாகக் கலக்கிவிடுங்கள், பம்ப் இழுத்துக்கொள்ளும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாலை அப்படியே செய்தேன். தொட்டி சாம்பல் நிறமாகியது, வீடு முழுக்க வாடை. இரவு பத்து மணிக்கு இரண்டு கோமாளி மீன்களும் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கையில் தயார் உப்புநீர் ஒரு வாளிகூட இல்லை. விடிவதற்குள் இரண்டும் போய்விட்டன. பத்தாண்டுகூட வாழக்கூடிய மீன்கள். அந்த இரவுக்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் எப்போதும் 40 லிட்டர் உப்புநீர் மூடிய நீல டிரம்மில் தயாராக இருக்கிறது.

உங்களுக்குக் கறுப்பு அடுக்கு இருந்தால்: முதலில் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். கறுப்பு இருக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், மணலைக் கலக்காமல், குழாயை நேராக இறக்கி மணலோடு சேர்த்து உறிஞ்சி வெளியே எடுத்துவிடுங்கள். அந்த மணலைத் திரும்பப் போட வேண்டாம். இரண்டு வாரம் விட்டு அடுத்த இடம். செய்யும் நாளில் காற்றுக் குமிழிக் கல்லும் செயலூட்டப்பட்ட கரியும் ஓடட்டும். கண்ணாடியில் கைநகம் அளவு கறுப்புப் புள்ளி தெரிந்து, வாடை எதுவும் இல்லையென்றால், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

சிவப்பாக, வெல்வெட் போர்வை போல மணலை மூடுகிறதே?

சயனோபாக்டீரியா. ஓரத்தைப் பிடித்தால் தோல் போல உரிந்து வரும். ஓட்டம் இல்லாத இடமும் கூடுதல் தீவனமும் இதற்குப் பிடிக்கும். சைஃபனால் உறிஞ்சுங்கள், பவர்ஹெட்டை (தொட்டிக்குள் ஓட்டம் தரும் பம்ப்) அந்தப் பக்கம் திருப்புங்கள். மூன்று நாள் விளக்கை முழுவதும் அணைத்து வைப்பதும் பலன் தரும்.

பழுப்பு நிறத்தில், சளி போல நூல் நூலாக, நுனியில் குமிழிகளுடன் இருந்தால் அது வேறு, டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போன, மிதமிஞ்சிச் சுத்தமான தொட்டிகளில் இது தலைதூக்குகிறது. இங்கே மேலும் மேலும் நீர் மாற்றினால் அது இன்னும் வளரும். நீர் மாற்றுவதை நிறுத்தி, நைட்ரேட் சற்று ஏற விட வேண்டும்.

மணலைச் சுத்தம் செய்ய எந்த உயிரை விடலாம்?

எல்லோரும் ஆசையோடு கேட்கிற கேள்வி. எனக்கும் பிடித்த கேள்வி.

நாசாரியஸ் நத்தைதான் என் முதல் தேர்வு. பகல் முழுவதும் மணலுக்குள் புதைந்து, மூச்சுக்குழாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தீவனம் விழுந்த வாடை பட்டதும் நாலாபக்கமும் மணலைப் பிளந்துகொண்டு எழுந்து வரும். அந்தக் காட்சியைக் காட்டத்தான் நான் வருகிற குழந்தைகளுக்கு முன்னால் தீவனம் போடுகிறேன். மூன்றடித் தொட்டிக்கு ஆறு போதும். மிச்சத் தீவனத்தைத் தின்னும், மணலையும் கிளறிவிடும், பாசியைத் தொடாது. பாசிக்கு செரித் நத்தை. கூம்பு வடிவில் நீளமாக இருக்கும், இரவில் மணலையும் கண்ணாடியையும் மேயும்.

மணல் சலிக்கும் உளுவை மீன்கள் உண்டு. வாய் நிறைய மணலை அள்ளி, செவுள் வழியாகச் சலித்துக் கொட்டும். சல்லடை போட்டுச் சலித்தது போல மணல் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது சலிப்பது நமக்காக அன்று, மணலிலுள்ள சிற்றுயிரைத் தின்பதற்காக. புதிய தொட்டியில், மெல்லிய படுகையில் விட்டால் சில மாதத்தில் இளைத்துச் சாகும். ஓராண்டாவது ஆன தொட்டி, தினமும் உறைந்த இறால் துணுக்கு, மேலே வலை மூடி (நன்றாகத் துள்ளும்) ஆகிய மூன்றும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். மணல் சலிக்கும் நட்சத்திர மீனை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. சிறிய தொட்டியில் அதுவும் மெதுவாகப் பட்டினியில்தான் சாகிறது. மணலுக்குள் புதைந்து இருப்பதால் நமக்குத் தெரிவதுகூட இல்லை.

கடல் அட்டை மணலை விழுங்கிச் சுத்தம் செய்து வெளியேற்றுகிற உயிர். வெளிநாட்டுக் காணொளிகளில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். இந்தியாவில் 2001 முதல் கடல் அட்டைகள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து பிடித்ததை விற்பதும் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கல் பவளங்களும் கடல் குதிரைகளும் அப்படியே. யாராவது ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வாங்கித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் மணலைச் சுத்தமாக வைத்திருப்பதே அந்த அட்டைகள்தான்; அவை அங்கேயே இருக்கட்டும்.

மணலில் உடலோரம் முள் முள்ளாக ஒரு புழு தெரிந்தால் கொல்லாதீர்கள். பெரும்பாலானவை நல்ல துப்புரவாளர்கள். வெறுங்கையால் தொட்டால் மட்டும் முள் ஏறி அரிக்கும்.

தீவனம் எவ்வளவு போடலாம்?

ஒரு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒரு முறை. உறைந்த தீவனமானால் உருகிய சாற்றைக் கொட்டிவிட்டு, துணுக்குகளை மட்டும் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் எதுவும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் மீன் வாயைத் திறப்பதைப் பார்த்துப் பசிக்கிறது என்று இன்னொரு பிடி போடுவார்கள், அன்பினால் செய்வது. எங்கள் அம்மாவுக்கு நான் தீவனப் பொறுப்பையே கொடுத்துவிட்டேன், தினமும் ஒரு சின்ன மூடியில் அளந்து வைத்துவிடுகிறேன். அதன் பிறகு அவர்தான் எங்கள் வீட்டில் கண்டிப்பானவர்.

கத்திரி வெயிலிலும் மின்தடையிலும் மணலுக்கு என்ன ஆகும்?

சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும். 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் வரை தாங்கும். 30 டிகிரியில் 6.2 தான். அதே வெப்பத்தில் மணலிலுள்ள பாக்டீரியாக்கள் கூடுதல் வேகத்தில் மூச்சு விடுகின்றன. வேலூரில் மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, கூடத்தில் இருக்கும் தொட்டி எளிதில் 31, 32 டிகிரியைத் தொடும். அந்த மாதத்தில் மணலை உறிஞ்சும் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பட்டை போதும். மேற்பரப்பில் ஒரு சின்ன விசிறி வைத்தால் நம் ஊரின் வறண்ட காற்றில் 2, 3 டிகிரி இறங்கும். நீர் மளமளவென்று ஆவியாகும். அதை ஈடுகட்ட உப்பில்லாத ஆர்.ஓ நீரை மட்டும் ஊற்றுங்கள். உப்பு ஆவியாவதில்லை.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைச் செய்தித்தாளில் பார்த்து நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன். காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் பிற்பகலில்தான் வரும். அதற்கு முந்தின நாளும் அன்றும் மணலைத் தொடக் கூடாது. ஓட்டம் நின்றாலும் மணல் ஆக்ஸிஜனை இழுப்பதை நிறுத்தாது. பேட்டரியில் ஓடும் ஒரு காற்று பம்ப் சில நூறு ரூபாய்தான். மீன் வாங்கும் முன்பு அதை வாங்குங்கள்.

மணல் கல் போலக் கட்டியாகிவிட்டது. உடைக்கலாமா?

கால்சியமும் காரத்தன்மையும் அளவுக்கு மேல் போய், அல்லது சுண்ணாம்பு நீரை வேகமாக விட்டு, சுண்ணாம்பு மணல் துகளுக்கிடையே படிந்து ஒட்டவைத்துவிட்டது. பழைய வீட்டுச் சுவரின் காரை போல ஆகிவிடும். சேர்க்கையை நிறுத்தி அளந்து பாருங்கள்: கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம், காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) அருகே வரட்டும். கட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே உடைத்தால் அடியில் அடைபட்ட அழுக்கு முழுவதும் நீருக்கு வரும்.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய். செம்பு மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றலாமா?

வேண்டாம். சுண்ணாம்பு மணல் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்தின் அளவு இறங்கிவிடுவதால் நோயும் தீராது. பிறகு மணலில் தங்கிய செம்பால் அந்தத் தொட்டியில் நத்தையோ இறாலோ வைப்பது ஆபத்தாகிவிடும். மீனை மணல் இல்லாத தனித் தொட்டிக்கு மாற்றி வைத்தியம் செய்யுங்கள்.

மணலே இல்லாமல் வெறும் கண்ணாடியில் வைத்தால் தொல்லை விட்டதே?

விட்டதுதான். சுத்தம் செய்வது எளிது, ஓட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். மருந்துத் தொட்டிக்கு அதுவே சரி. எனக்கு மனம் ஒப்பவில்லை. மணலில் குழி பறித்து உறங்கும் மீனும், புதைந்து கிடக்கும் நத்தையும் இல்லாமல் கடலின் பாதி காணாமல் போய்விடுகிறது.

வெளியேற்றிய உப்புநீரை எங்கே கொட்டுவது?

செடிக்கும் தென்னைக்கும் வேண்டாம். 20 லிட்டரில் முக்கால் கிலோ உப்பு இருக்கிறது; வாராவாரம் ஊற்றினால் அந்த இடத்தில் எதுவும் முளைக்காது. ஏரி, கால்வாய், பாலாறு எதிலும் கூடாது. தோல் பதனிடும் கழிவால் இந்த மாவட்டத்து மண்ணும் கிணறும் உப்பேறிய கதை நமக்குத் தெரியும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போன கதை அது. நம் வாளி சிறியதுதான், ஆனாலும் அந்த நிலத்தில் இன்னும் ஒரு வாளி உப்பு வேண்டாம். கழிவறையில் ஊற்றிப் பாதாளச் சாக்கடைக்கு அனுப்புங்கள். நத்தையோ மீனோ வேண்டாம் என்றால், வளர்க்கத் தெரிந்த இன்னொருவருக்குக் கொடுங்கள்.

மணலை எப்போது மாற்ற வேண்டும்?

முறையாக உறிஞ்சி வந்தால் மாற்றத் தேவையில்லை. என் தொட்டியில் இப்போது இருப்பது ஒன்பது ஆண்டு பழைய மணல். அராகோனைட் மெல்லக் கரைவதால் ஆண்டுக்கு ஒரு முறை, கழுவிய புது மணல் ஒரு கிலோ மேலே தூவுகிறேன். ஒரு பிளாஸ்டிக் குழாயை மணல் வரை நிறுத்தி, அதன் வழியே கிண்ணம் கிண்ணமாகக் கொட்டினால் நீர் கலங்காது.

பத்து நாள் ஊருக்குப் போகிறேன். என்ன செய்துவிட்டுப் போக?

புறப்படும் நாளில் மணலைத் தொடாதீர்கள். நான்கு நாள் முன்பே ஒரு பட்டையை முடித்துவிடுங்கள். தீவனத்தை நாளுக்கு ஒன்றாகச் சின்னப் பொட்டலம் கட்டித் தேதி எழுதி, பக்கத்து வீட்டில் கொடுங்கள். டப்பாவோடு கொடுக்காதீர்கள். ஆர்.ஓ நீரை வாளியில் நிரப்பி, தொட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, "நீர் இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் இந்த வாளியிலிருந்து ஊற்றவும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். உப்புநீர் டிரம்மின் மேல், அதைத் தொட வேண்டாம் என்று இன்னொரு சீட்டு.